படகுக்கும் ஒரு கலிங்கு

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வந்த தடைக்காலம், படகுகளுக்கு வைத்தியக் காலமாகவும் ஆகிவிட்டது. காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் வருடம் முழுக்கத் தண்ணீரில் கிடந்த படகுகள் கரையேறுகின்றன. அடியில் ஒட்டிய பாசியும் கொட்டலசும் சுரண்டப்படுகின்றன. பலகை இடுக்கில் பஞ்சுத்திரியைச் செருகி உளி வைத்து அடிக்கும் கலப்பத்து வேலையின் சத்தம் விடிந்ததிலிருந்து கேட்கிறது. இஞ்சின் பிரிக்கப்படுகிறது, காத்தாடி எனப்படும் புரொப்பெல்லர் இறக்கப்படுகிறது, கடன் வாங்கிய பணம் முதலில் அங்கே போகிறது. அடுத்து பெயின்ட், பிறகு வலை.

எல்லாம் முடிந்த பிறகும் பழைய படகொன்றின் டெக்கில் ஏறி, ஓரத்தைக் குனிந்து பார்த்தால் ஒரு காட்சி அகப்படும். தண்ணீர் வெளியேற விட்ட ஓட்டைகளில் ஒன்றில் மரக்கட்டை அறைந்திருக்கும். இன்னொன்றில் சுருட்டிய சாக்குத்துணி. மூன்றாவதில் டயர் டியூபை வெட்டிச் செருகியிருப்பார்கள். நான்காவதன் மேல் ஃபைபர் ஒட்டு விழுந்து, அப்படியொரு ஓட்டை இருந்ததற்கான தடமே ஒரு மேடாக மட்டும் தெரியும். புதிய பெயின்ட் அந்த அடைப்புகளின் மேலும் சேர்த்தே அடிக்கப்பட்டிருக்கும்.

அடைத்தவர் அலட்சியக்காரர் என்று எண்ணுவது தவறு. ஒவ்வோர் அடைப்புக்கும் ஒரு காரணம் உண்டு. வலையின் மடியைத் தளத்தில் அவிழ்த்துக் கொட்டும்போது சின்ன இறால் தண்ணீரோடு சேர்ந்து ஓட்டை வழியே நழுவிப் போகிறது. இரவெல்லாம் வலை இழுத்த கூலி அது, யாரும் அதைக் கடலுக்குத் திருப்பித் தர மாட்டார்கள். படகு பாரமேறித் தாழ்ந்துவிட்டால் அதே ஓட்டை வழியாகக் கடல் உள்ளே எட்டிப் பார்க்கிறது. தளத்தில் படுத்திருப்பவரின் பாய் நனைகிறது. வலைக்கயிறு ஓட்டையில் சிக்கி ஒருநாள் மடியே கிழிந்திருக்கும். இப்படி ஒரு தேவைக்காக ஒரு ராத்திரிக்கென்று வைத்த துணி, எடுக்க மறந்து, அடுத்த பயணத்தில் பழக்கமாகி, மூன்றாவது வருடத்தில் படகின் உறுப்பாகிவிடுகிறது. பழைய படகின் வடிகாலைச் சீராக்க நினைப்பவர் கையில் உளியை எடுப்பதற்கு முன் இந்தக் காரணங்களைக் கேட்க வேண்டும். காரணம் தீராமல் ஓட்டையை மட்டும் திறந்துவிட்டால், அடுத்த மாதமே அங்கே புதிய துணி இருக்கும்.

இந்தக் கரைக்குத் தெரிந்த மிகப் பழைய கலங்களில் ஒன்று கட்டுமரம். அதில் இந்தச் சிக்கலே எழவில்லை. மென்மரத்தடிகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது அது. அதற்குப் பக்கமும் இல்லை, உள்ளும் இல்லை. அலை மேலே ஏறும், தடிகளின் இடுக்கு வழியே இறங்கிவிடும். இறைக்க இறைகூடை வேண்டாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளை மணலில் காயப்போட்டார்கள். ஊறிய மரம் கனக்கும், கனத்த மரம் தாழும் என்ற அறிவு அந்தக் காயப்போடுதலில் இருந்தது. உலகத்து மொழிகள் பலவும் அந்தப் பெயரைக் கடன் வாங்கி இரட்டை உடல் படகுகளுக்குச் சூட்டிக்கொண்டன. பெயரைப் பெற்றவர்கள் தண்ணீரைத் தங்கவிடாத அந்தக் குணத்தையும் கூர்ந்து பார்த்திருக்கலாம்.

தளமும் பக்கப்பலகையும் உள்ள இயந்திரப் படகு 1950களில் வந்தது. 1952இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி இந்திய–நார்வே திட்டம் கொல்லம் கரையில் தொடங்கியது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு அனுப்பிய படகு வடிவமைப்பாளர் பால் சீனர் அதே பத்தாண்டில் இந்தியக் கரைகளில் வேலை செய்தார். கொச்சியில் 1957இல் உருவான மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பல அளவுகளில் மரப்படகுகளுக்கு வரைபடம் தந்தது. வரைபடத்தைப் பார்த்துக் கட்டிய முதல் படகுகளைப் பார்த்து, கண்ணளவில் அடுத்தவை கட்டப்பட்டன. அவற்றைப் பார்த்து மேலும் சில. கை மாறும்போதெல்லாம் படகு கொஞ்சம் நீண்டது, கொஞ்சம் அகன்றது, இஞ்சின் பெருத்தது. கரையோர ஆசாரிகளின் கண்ணும் கையும் வியக்கத்தக்கவை. படகின் விலாச்சட்டமான வங்குக்காலின் வளைவை அவர்கள் அளவுகோல் இல்லாமல் பிடித்துவிடுவார்கள். ஆனால் தண்ணீர் போகும் வழி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது கண்ணுக்குப் புலப்படும் சங்கதி இல்லை. அது கணக்கில்தான் தெரியும். நகலெடுப்பில் முதலில் தேய்ந்துபோனது அதுவே.

பக்கப்பலகை நல்ல எண்ணத்தில் பிறந்தது. ஆள் தவறிக் கடலில் விழக் கூடாது, மீனும் வலையும் அடித்துப் போகக் கூடாது. ஒரு மோசமான பயணத்துக்குப் பிறகு முதலாளி அதன் மேல் இன்னொரு பலகை ஏற்றுவார். இடுப்பளவு மறைப்பு வந்ததும் வேலையாளுக்கு நெஞ்சில் ஒரு தைரியம் வருகிறது. ஆனால் அந்தப் பலகையோடு தளம் தளமாக இருப்பது நின்று, நாலு பக்கமும் கரை கட்டிய ஏரியாகிவிடுகிறது.

ஏரியைப் பற்றி இந்த மொழிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வயலுக்கு வேண்டிய நீரை எடுக்கும் வழிக்கு மதகு, மடை, தூம்பு என்று பெயர்கள் வைத்தவர்கள், மிஞ்சிய நீர் தானே வழிந்தோடும் இடத்துக்குத் தனியாகக் கலிங்கு என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் வேறு வேறு வேலை. தூம்பு சிறியதாக இருக்கலாம், அதற்கு நேரம் இருக்கிறது. கலிங்கு நீளமாக இருக்க வேண்டும், அடைமழை இரவில் அதற்கு அவகாசம் கிடையாது. கரையை உயர்த்திக்கொண்டே போய்க் கலிங்கை மறந்தால் ஏரி உடையும் என்பது ஏரிப்பாசனம் கண்ட ஊர்களின் பட்டறிவு. படகிலும் இந்த இரண்டு வழிகள் தனித்தனியே உண்டு. தளம் கழுவிய நீரும் மழைநீரும் கசிந்து போகச் சிறு குழாய்கள். அவற்றை ஸ்கப்பர் என்பார்கள். அலை ஏறி விழுந்தால் டன் கணக்கில் வரும் நீரை உடனே வெளியே தள்ளப் பக்கப்பலகையின் அடியில் வெட்டிய அகன்ற வாய்கள் இன்னொன்று. முன்னது தூம்பு, பின்னது கலிங்கு. பழைய சிறு படகுகள் பலவற்றில் தூம்பு மட்டுமே இருக்கிறது. அதுவும் பாதி அடைத்துக் கிடக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேலைத்தளம் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அலையொன்று ஏறி முழங்காலுக்குக் கீழே 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை விட்டுச் செல்கிறது. 5.4 கன மீட்டர். கடல்நீர் சற்றுக் கனமானது என்பதால் எடை ஐந்தரை டன். இந்த எடை கீழே மீன் அறையில் அடுக்கிய ஐஸ் போல அசையாமல் இருப்பதில்லை. மேலே, தளத்தின் மேல், ஓடிக்கொண்டே இருக்கிறது. இதை வெளியேற்ற 2 அங்குலக் குழாய்கள் நான்கு இருந்தால், நீர்மட்டம் குறையக் குறைய ஓட்டத்தின் வேகமும் குறைவதால், ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். குழாய்க்கு முழங்கை வளைவு இருந்தால், வாயில் மீன்செதில் அடைத்தால், இன்னும் கூடும். கொந்தளிப்பில் அடுத்த பேரலை 15 நிமிடம் காத்திருக்காது. சில வினாடிகளில் அது வந்துவிடும்.

அதே தளத்தில் பக்கத்துக்கு மூன்று வாய்கள், ஒவ்வொன்றும் 35 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் உயரமுமாக வெட்டினால், சாய்ந்த பக்கத்தின் வாய்கள் மட்டும் வேலை செய்தாலும், நீரின் பெரும்பகுதி ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். 15 நிமிடத்துக்கும் ஒரு நிமிடத்துக்கும் நடுவில் ஆறேழு பேரின் உயிர் இருக்கிறது.

இந்த அளவு கற்பனையில் எடுத்தது அல்ல. மீன்பிடிக் கலங்களின் பாதுகாப்புக்காக 1977இல் ஸ்பெயின் நாட்டின் டொரெமொலினோஸ் நகரில் உருவான உடன்படிக்கை 24 மீட்டருக்கும் மேற்பட்ட கப்பல்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதன்பின் 12 முதல் 24 மீட்டர் வரையுள்ள படகுகளுக்கென மூன்று சர்வதேச அமைப்புகள் சேர்ந்து, கட்டாயமில்லாத வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. அவற்றின்படி பக்கப்பலகை சூழ்ந்த தளத்தின் நீளத்தை மீட்டரில் எடுத்து, 12 மீட்டர் படகுக்கு 0.035 ஆல் பெருக்க வேண்டும். 24 மீட்டருக்கு 0.07 ஆல். வருவது ஒவ்வொரு பக்கமும் திறந்திருக்க வேண்டிய பரப்பு, சதுர மீட்டரில். 6 மீட்டர் தளத்துக்கு 0.21. மேலே சொன்ன மூன்று வாய்களின் கூட்டுத்தொகை சரியாக அதுதான். பக்கப்பலகை 1.2 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் பரப்பும் கூட வேண்டும், 0.9க்குக் கீழே இருந்தால் குறையலாம். இந்த ஒரு விதியில் ஏரிக்கரையின் அறிவு முழுக்க இருக்கிறது: கரை உயர்ந்தால் கலிங்கும் அகல வேண்டும்.

தண்ணீரின் எடையைவிட அதன் ஓட்டம் பொல்லாதது. படகு இடப்பக்கம் சாய்ந்தால் தளத்தின் நீர் முழுவதும் இடப்பக்கம் ஓடிப்போய் அந்தச் சாய்வை இன்னும் அழுத்துகிறது. நிமிர வேண்டிய படகை நிமிரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிடியின் வலிமை தளத்தின் அகலத்தை மூன்று முறை பெருக்கியதற்கு ஏற்பக் கூடுகிறது. அகலம் இரண்டு மடங்கானால் தீமை எட்டு மடங்கு. சுமார் 12 டன் எடையுள்ள படகில், 6க்கு 3 மீட்டர் தளத்தில் தங்குதடையின்றி அலையும் நீர், படகை நிமிர்த்தி வைக்கும் திறனின் அளவுகோலில் ஒரு மீட்டருக்கு மேல் தின்றுவிடக் கூடும். சிறு படகுகள் பலவற்றுக்கு அந்தக் கையிருப்பே ஒரு மீட்டர் இருக்காது. ஆகவேதான் அனுபவசாலிகள் படகின் ஆட்டத்தைக் காலால் கேட்கிறார்கள். துள்ளித் துள்ளி நிமிர்ந்த படகு திடீரென்று சோம்பி, ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி வர யோசித்தால் அது அமைதி ஆகாது. எங்கோ தண்ணீர் நிற்கிறது.

தளத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்புப் பலகை வைத்து நீரை இரண்டாகப் பிரித்தால் இந்தப் பிடி நாலில் ஒன்றாகக் குறையும். மீன் பிரிக்க வைக்கும் பலகைகளே அந்த வேலையைச் செய்யலாம், அடியில் தண்ணீர் ஓட இடைவெளி விட்டிருந்தால். விடாமல் இறுக்கி வைத்தால் அவையே புதிய அணைகளாகும்.

புதிதாகக் கட்டியபோது நன்றாக வடிந்த படகு வயதாகி ஏன் வடிய மறுக்கிறது? ஒரே காரணம் சொல்ல முடியாது. மரம் வருடங்களாகத் தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும். ஒழுகும் பலகைகளின் மேல் ஃபைபர் போர்த்தியிருப்பார்கள், அதுவும் கனம். பழைய இஞ்சின் இருந்த இடத்தில் அதைவிடப் பெரியது, கூடுதல் டீசல் டிரம், பெரிய வின்ச், நாள் கணக்கில் தங்கிப் பிடிப்பதற்காக இரண்டு மடங்கு ஐஸ். எல்லாம் சேர்ந்து படகை ஒரு கை அளவு தாழ்த்திவிடும். கடலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்த ஓட்டை இப்போது அலையின் உதட்டுக்கு வந்துவிட்டது. அங்கேதான் முதல் துணி செருகப்படுகிறது.

அடுத்தது வாட்டம். மொட்டைமாடி போடும் கொத்தனார் தளத்துக்கு வாட்டம் விடாமல் போவதில்லை. படகுத்தளத்துக்கு இரண்டு வாட்டங்கள் உண்டு. நடுவில் உயர்ந்து ஓரங்களுக்குச் சரிவது ஒன்று. அணியத்திலும் பின்புறத்திலும் எழும்பி நடுப்பகுதியில் தாழ்வது மற்றொன்று. ஆசாரி அந்தத் தாழ்வைப் பார்த்து ஓட்டை போட்டிருப்பார். வின்சும் வலைக்குவியலும் பின்னால் ஏறி, படகு பின்பக்கம் அமிழ்ந்து நிற்கத் தொடங்கியதும் தாழ்விடம் இடம் மாறிவிடுகிறது. ஓட்டை பழைய இடத்தில் காய்ந்து கிடக்க, பின்மூலையில் தண்ணீர் தேங்கி நாறுகிறது. உத்தரங்கள் தளர்ந்து நடு உயரமும் தட்டையாகியிருக்கும். போதாக்குறைக்கு, தளத்தின் மேல் பூசிய ஒவ்வொரு ஃபைபர் அடுக்கும் ஓட்டையின் வாயில் ஒரு விரற்கடை உயர வரம்பை எழுப்பியிருக்கும். அரை அங்குல வரம்பு போதும், தளம் முழுக்க அரை அங்குல நீர் நிரந்தரமாகக் குடியிருக்க.

அந்த அரை அங்குலம் புயலில் கவிழ்க்காது. ஆனால் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் நாட்களில் மெதுவாகக் கொல்லும். மரத்தை உளுக்கச் செய்வது கடல்நீரைவிட மழைநீர்தான். உப்பு பூஞ்சையைத் தள்ளி வைக்கிறது. நல்ல தண்ணீர் அதை வளர்க்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் மூலையில் நிற்கும் நீர், ஓட்டை வெட்டியபோது பூச்சில்லாமல் விட்ட மரத்தின் வெட்டுவாய் வழியே உள்ளே ஊறுகிறது. இரும்பு ஆணியைச் சுற்றி மரம் மெத்தென்றாகிறது. மேலே பெயின்ட் பளபளக்கிறது, கீழே கத்தி நுனி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது. ஆசாரிகள் கட்டையால் தட்டிப் பார்த்துச் சத்தத்தில் கண்டுபிடிப்பது இதைத்தான். தளத்து நீர் படகின் உள்ளே, பம்ப் இறைக்கும் அடிப்பகுதிக்கே போகட்டும் என்று குழாய் வைத்த படகுகளும் உண்டு. பழைய வேலைகளில் மிகக் கெட்டது இது. வெளியே தள்ள வேண்டிய எதிரியை வீட்டுக்குள் அழைத்து, பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன பம்பை நம்பி ஏழு பேர் தூங்குகிறார்கள்.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. கட்டுமரம் இருந்த மணலில் இன்று பெரும்பாலும் அவைதான். தளத்துக்கு அடியில் மிதவைக்காக நுரை அடைத்து, தளத்து நீர் தானே வெளியேறும்படி ஓட்டை விட்டவை அவற்றுள் பல. கட்டுமரத்தின் குணத்தைப் புதுப் பொருளில் திருப்பிப் பிடிக்கும் நல்ல முயற்சி. இவற்றின் முதுமை வேறு மாதிரி. தூண்டில் பெட்டியும் நங்கூரமும் மோதிக் கீறிய இடத்தில் முடியிழைப் பிளவு விழுகிறது, அதன் வழியே நுரை தண்ணீர் குடிக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. கரைக்கு இழுக்கும்போது முன்பு ஆறு பேர் தோள் கொடுத்த படகுக்கு இப்போது எட்டுப் பேர் வேண்டியிருக்கிறது. அதுதான் முதல் அறிகுறி. கனத்த படகில் வடிகால் ஓட்டை நீர்மட்டத்துக்கு வந்துவிட, தளத்தில் எப்போதும் கடல் நிற்கிறது. இங்கே ஓட்டையைப் பெரிதாக்கிப் பயனில்லை. தளத்தில் துளையிட்டு உள்நீரை வடியவிட்டு, ஊறிய நுரையைத் தோண்டியெடுத்து, காயவைத்து, பிளவை மூட வேண்டும். கட்டுமரத்தடிகளை மணலில் காயப்போட்டவர்களின் பேரர்கள் அதே வேலையைத்தான் வேறு விதமாகச் செய்கிறார்கள்.

துவாரம் போட்டால் நீர் வெளியே மட்டும்தான் போகும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1974 பிப்ரவரியில் பேரண்ட்ஸ் கடலில் ‘கால்’ (Gaul) என்ற பிரிட்டிஷ் இழுவைக்கப்பல் 36 பேருடன் மறைந்தது. உதவி கேட்டு ஒரு குரல்கூட வரவில்லை. உளவுக்கப்பலாக இருந்து சிறைபிடிக்கப்பட்டதோ என்று ஹல் நகரத்திலிருந்த மாலுமிகளின் குடும்பங்கள் இருபது வருடங்களுக்கு மேல் தவித்தன. 1997இல் கடலடியில் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. 2004இல் முடிந்த மறுவிசாரணை, மீன் கழிவை வெளியே தள்ளும் இரண்டு சரிவுவாய்கள் மூடாமல் இருந்ததால் உட்தளத்தில் கடல் புகுந்து, அலைந்த நீர் கப்பலைச் சாய்த்தது என்று முடிவு சொன்னது. 66 மீட்டர் கப்பலுக்கும் 12 மீட்டர் படகுக்கும் அளவில் ஒப்பில்லை. வாய் திறந்திருந்தால் இரு திசையும் அதற்கு ஒன்றுதான் என்பதில் வேறுபாடில்லை. மூடிய அறைக்குள் தண்ணீர் புகக் கூடாது, திறந்த தளத்தில் தண்ணீர் தங்கக் கூடாது. இரண்டும் சேர்ந்ததுதான் வடிகால். மீன் அறையின் ஹேட்ச் விளிம்பு உயரமாகவும் மூடி ரப்பரோடு இறுகுவதாகவும் இல்லாத படகில், பக்கப்பலகையில் எத்தனை வாய் வெட்டினாலும் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

சரி, பழைய படகில் எங்கே தொடங்குவது? கரையில் நிற்கும் படகில் அல்ல. சட்டத்தின் மேல் நிமிர்ந்து நிற்கும் படகின் வாட்டம் பொய்யான வாட்டம். தண்ணீரில் விட்டு, டீசலும் வலையும் ஏற்றி, ஐஸுக்குப் பதில் அதே எடைக்கு மணல் மூட்டையோ தண்ணீர் டிரம்மோ வைத்து, பிறகு தளத்தில் நாலு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தேங்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட வேண்டும். ஓட்டையின் கீழ்விளிம்பு கடலுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து அளக்க வேண்டும். செலவில்லாத அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தவறான மூலையில் ஓட்டை போட்டவர்கள் இருக்கிறார்கள்.

பெரும்பாலும் முதல் சிகிச்சை உளியில் இல்லை, சுமையில் இருக்கிறது. மூன்று வருடமாகத் தொடாத பழைய வலை, உடைந்த பலகைகள், தேவைக்கு மேலான சங்கிலி எல்லாம் இறங்கினாலே பின்புறம் இரண்டு விரல் எழும்பிவிடும். அடைத்த ஓட்டைகளில் சில அப்போதே உயிர் பெறும்.

வாய் வெட்டும்போது வங்குக்காலின் தொடர்ச்சியாக மேலே எழும் கட்டைகளைத் தொடக் கூடாது. அவற்றின் நடுவில்தான் இடம். கீழ்விளிம்பு தளத்தோடு தளமாக இருக்க வேண்டும், படி இருக்கக் கூடாது. மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும், கூர்மூலையில் பலகை பிளக்கும். வெட்டுவாய் முழுவதும் ரெசின் குடிக்கும்வரை பூச வேண்டும். குழாய்களைப் பொறுத்தவரை எண்ணிக்கையைவிட விட்டம் முக்கியம்: 4 அங்குலக் குழாய் ஒன்று 2 அங்குலக் குழாய்கள் நான்குக்குச் சமம், செதிலில் அடைபடுவதும் குறைவு. தளத்திலிருந்து நேராக வெளியே போகும் குட்டைக்குழாயே உத்தமம். மீன் அறை வழியாகச் சுற்றிக்கொண்டு போகும் நீண்ட குழாய் உள்ளே விரிசல் விட்டால் ஐஸுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் கடல் நிரம்பும்.

அப்புறம், ஓட்டையை அடைக்க வைத்த அந்தக் காரணங்கள். இறால் நழுவுகிறது என்றால், கொட்டிப் பிரிக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் கழற்றக்கூடிய பலகை வைத்து, அடியில் நெருக்கமான கண்ணுள்ள வலைத்தட்டி அடிக்கலாம். பிரித்து முடித்ததும் பலகை கழலும், தட்டி கழுவப்படும். வாய் 30 சென்டிமீட்டருக்கு மேல் உயரமானால் ஆளோ காலோ போகாதபடி குறுக்குக் கம்பி வேண்டும் என்றும், கம்பிகளின் இடைவெளி 15 முதல் 23 சென்டிமீட்டருக்குள் இருக்கலாம் என்றும் அந்த வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. கடல் எட்டிப் பார்க்கிறது என்றால் மேல்விளிம்பில் கீல் வைத்து வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் மூடி போதும். தடித்த ரப்பர் பட்டையே அந்த வேலையைச் செய்துவிடும். உள்நீர் தள்ளினால் திறக்கும், வெளியலை அடித்தால் ஒட்டிக்கொள்ளும். அதைக் கயிற்றால் கட்டக் கூடாது, தாழ்ப்பாளும் கூடாது. துருப்பிடித்த கீலும் தாழ்ப்பாளுக்குச் சமம்தான். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் நடந்துகொண்டே காலால் ஒரு தட்டுத் தட்டினால் மூடி ஆடுகிறதா என்று தெரிந்துவிடும்.

இந்தப் பேச்சில் கால் அடிக்கடி வருவது தற்செயல் இல்லை. தளத்து நீரோடு அதிகம் வாழ்வது கால்தான். பெரும்பாலோர் வெறுங்காலோடு நிற்கிறார்கள். ஐஸ் உருகிய நீர், மீன் கோழை, டீசல் மிதக்கும் உப்புநீர் இவற்றில் நாள் கணக்கில் ஊறிய பாதத்தில் விரலிடுக்கு வெடிக்கிறது. கெளுத்தி முள் குத்திய இடம் ஆறுவதில்லை. வழுக்கும் தளத்தில், சுழலும் வின்ச் டிரம்மிலிருந்து இரண்டடி தூரத்தில் நின்று கயிற்றைப் பிடிக்க வேண்டும். கவிழ்ந்த படகுகள் செய்தியாகின்றன. வழுக்கி விழுந்து கை போனவர்கள் தெருமுனையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நன்றாக வடியும் தளம் அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் செய்யும் உபகாரத்தை எந்தச் சூத்திரமும் கணக்கில் எடுப்பதில்லை. படகுச் சீரமைப்பில் இதற்கு முதல் இடம் தர வேண்டும், இஞ்சினுக்கும் முன்னால்.

ஜூன் 14 இரவு துறைமுகத்தில் விளக்குகள் அணைவதில்லை. ஐஸ் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. உடைத்த ஐஸ் சரிவுப்பலகை வழியே மீன் அறைக்குள் இரைச்சலோடு இறங்குகிறது. ஒவ்வொரு கூடைக்கும் படகு கண்ணுக்குத் தெரியாமல் தாழ்கிறது. டீசல் ஏறுகிறது, குடிதண்ணீர் ஏறுகிறது, அரிசி மூட்டையும் அடுப்பும் ஏறுகின்றன. எல்லாம் ஏறி முடிந்த பிறகு, பின்மூலையில் புதிதாக வெட்டிய வாயருகே ஒருவர் குப்புறப் படுத்து, வெளியே கையை நீட்டி, கீழ்விளிம்புக்கும் கடலுக்கும் நடுவில் விரல்களை வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு விரல் நுழைந்தால் கயிறு அவிழ்க்கலாம். இரண்டுதான் நுழைகிறது என்றால், பின்னால் குவித்திருக்கும் வலையில் பாதியை அணியத்துக்கு மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.